காட்டுக்குள்ள இருக்குற டேம்ல இருந்து ஊருக்கு ஹைடென்ஷன் லைன்: கியூபெக் 735 கிலோவோல்ட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைட்ரோ பவர்ஹவுஸ்னா எல்லாரும் டேமைத்தான் போட்டோ எடுக்குறாங்க. அங்க இருந்து கரண்ட் எப்படி ஊர் வந்து சேருதுன்னு கேக்குறவங்க கம்மி, கேக்குறவங்களும் "தூரம்னா லாஸ் ஆகும், அதனால வோல்டேஜை ஏத்துறாங்க"ன்னு ஒரு வரியில முடிச்சிடுறாங்க. லாஸ் அதுல சின்ன பிரச்னைதான். பெரிய பிரச்னையெல்லாம் வேற இடத்துல இருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

உலகத்துல எவ்வளவோ லைன் இருக்கே, ஏன் கனடா கியூபெக்கை எடுத்தீங்க?

ஏன்னா உலகத்துலயே முதல்ல 735 கிலோவோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடுற கரண்ட்) லைனை ஓட்டினது அவங்கதான், 1965 நவம்பர் 29. அதுக்கு முன்னாடி தூரமா இருக்குற ஹைட்ரோவுக்கு பேர் போனது ஸ்வீடன், 1952ல ஹார்ஸ்ப்ராங்கெட் பவர்ஹவுஸ்ல இருந்து தெற்கே ஹால்ஸ்பெர்க் வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு 380 கிலோவோல்ட் லைன் இழுத்தாங்க. கியூபெக்ல ஹைட்ரோ-கியூபெக் கம்பெனிக்கு மானிக்குவாகன், ஊட்டார்ட்னு ரெண்டு ஆறு கிடைச்சுது. தண்ணி ஏகத்துக்கும் இருக்கு, ரெண்டு ஆத்துலயும் சேர்த்து 5,000 மெகாவாட்டுக்கு மேல எடுக்கலாம், ஆனா மாண்ட்ரியல் அங்கருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். நடுவுல காடு, பாறை, பனி. நம்ம பைக்காராவோட வச்சுப் பாருங்க, 1932ல மலை மேல கரண்ட் எடுத்தா கீழேயே கோயம்புத்தூர், மில்லு, லோடு எல்லாம் ரெடி, 66 கிலோவோல்ட் போதுமா இருந்துச்சு. அந்தக் கொடுப்பினை கியூபெக்காரங்களுக்கு இல்ல.

பேசாம பவர்ஹவுஸ் பக்கத்துலயே ஃபேக்டரியை கட்டிட்டா லைனே வேணாமே?

அதையும் பண்ணிருக்காங்க. அலுமினியம் உருக்குற ஃபேக்டரிங்க அப்படித்தான் ஆத்தைத் தேடிப் போச்சு, கியூபெக்லயே ஆர்விடா, மேற்குப் பக்கம் பிரிட்டிஷ் கொலம்பியால கிட்டிமாட். ஆனா மாண்ட்ரியல்ல இருக்குற லட்சக்கணக்கான வீட்டை, அதுவும் குளிர்காலத்துல கரண்ட் ஹீட்டர் போடுற வீட்டை, தூக்கிட்டுப் போய் டேம் பக்கத்துல வைக்க முடியாது. லைன்தான் வந்தாகணும்.

சரி, லாஸ் கணக்கையே முதல்ல சொல்லுங்க. வோல்டேஜ் ஏத்தினா எவ்வளவு மிச்சம்?

2,000 மெகாவாட், 600 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. 735 கிலோவோல்ட்ல அனுப்பினா ஒரு ஃபேஸ்ல (ஏசி லைன்ல மூணு தனித்தனி கரண்ட் பாதை இருக்கும், அதுல ஒண்ணு) ஓடுறது 1,570 ஆம்பியர் வாக்குல. நாலு கம்பி சேர்ந்த ஃபேஸுக்கு கிலோமீட்டருக்கு 0.012 ஓம்னு போட்டா மொத்த லாஸ் 53 மெகாவாட், அதாவது 3 சதவீதம் கூட இல்ல. அதே கம்பியில 315 கிலோவோல்ட்ல அனுப்பினா ஆம்பியர் 3,660 தாண்டிடும், லாஸ் 290 மெகாவாட், 14 சதவீதத்துக்கு மேல. இது என்னோட தோராயக் கணக்குதான், பவர் ஃபேக்டர், கரோனா எதையும் சேர்க்கல. ஆனாலும் வித்தியாசம் புரியுது இல்ல. ஆம்பியர் பாதியானா லாஸ் கால்வாசி ஆயிடும், ஸ்கூல்ல படிச்சதுதான்.

ஆனா பாருங்க, லாஸ் மட்டும்தான் பிரச்னைன்னா அலுமினியத்தைக் கூடுதலா போட்டு சமாளிச்சிடலாம். 735 வரைக்கும் போக வச்சது அது இல்ல.

அப்புறம் எதுதான் போக வச்சுது?

ஸ்டெபிலிட்டி. நீளமான ஏசி லைனுக்கு ரெசிஸ்டன்ஸ் கம்மி, ரியாக்டன்ஸ் (கரண்ட் திசை மாறும்போது கம்பியோட காந்தப்புலம் காட்டுற எதிர்ப்பு) ஜாஸ்தி. கிலோமீட்டருக்கு 0.33 ஓம்னு வச்சா 600 கிலோமீட்டருக்கு 200 ஓம் ஆயிடும். இந்தக் கடைசில ஜெனரேட்டர், அந்தக் கடைசில ஊரு, ரெண்டும் நீளமான ரப்பர் கயித்துல கட்டின மாதிரின்னு நினைச்சுக்கங்க, இழுக்க இழுக்க கயிறு முறுக்கிக்கிட்டே போகும், அந்த முறுக்குதான் ரெண்டு பக்க வோல்டேஜுக்கும் நடுவுல இருக்குற கோணம். அது 90 டிகிரி போச்சுன்னா அவ்வளவுதான், ஜெனரேட்டர் பிச்சுக்கிட்டு தனியா ஓடும். அனுப்ப முடிஞ்ச உச்ச பவர் எவ்வளவுன்னா வோல்டேஜோட வர்க்கத்தை ரியாக்டன்ஸால வகுத்தது. 735க்கு போட்டுப் பாருங்க, 2,700 மெகாவாட் வருது. உச்சத்துல யாரும் ஓட்ட மாட்டாங்க, எங்கயாவது இடி விழுந்து ஒரு லைன் ட்ரிப் ஆகி தானா கழண்டுக்கிட்டாலும் மத்தது தாங்கணும் இல்ல, அதனால 30 டிகிரி பக்கம் நிறுத்துவாங்க, அப்ப பாதி, 1,350. இதே கணக்கை 315 கிலோவோல்ட்ல போட்டா ஒரு லைனுக்கு 250 மெகாவாட் கூட சரியா வராது. 5,000 மெகாவாட் கொண்டு வரணும்னா இருபது லைனுக்கு மேல. இருபது லைனுக்குக் காட்டை வெட்டி, இருபது தடவை ஆத்தைத் தாண்டி, யாரால முடியும்? 735ல நாலு போதும்.

இதை உக்காந்து கணக்குப் போட்டு, மேல இருக்குறவங்களையும் ஒத்துக்க வச்சவர் ஜான்-ஜாக் ஆர்ச்சம்போ, ஹைட்ரோ-கியூபெக் இன்ஜினியர். அந்த வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர், இன்சுலேட்டர் எதுவுமே அப்ப கடையில வாங்குற சாமான் இல்ல. லைனை டிசைன் பண்றதோட சேர்த்து சாமானையும் டிசைன் பண்ண வச்சார்னு சொல்லலாம். எனக்கு அந்த டேமை விட இந்த முடிவுதான் பெரிய விஷயம்.

லோடு இல்லாத நேரத்துல கடைசில வோல்டேஜ் ஏறிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம், அதுவும் சும்மா கொஞ்சம் இல்ல. ஃபெராண்டி எஃபெக்ட்னு காலேஜ்ல ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடுறோம். லைன்ங்கிறது நீளமான கெப்பாசிட்டரும் கூட. 60 ஹெர்ட்ஸ்ல, லாஸே இல்லாத லைன்னு எடுத்துக்கிட்டு, எந்த சரிக்கட்டலும் பண்ணாம ஒரு பக்கம் சார்ஜ் பண்ணா, 600 கிலோமீட்டர் தள்ளி வோல்டேஜ் 1.37 மடங்கு நிக்கும். 1,000 கிலோமீட்டர்னா 3 மடங்குக்கு மேல. (நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ்ல 600 கிலோமீட்டருக்கு 1.24 மடங்கு, கொஞ்சம் பரவாயில்ல.) இந்த 1,000 கிலோமீட்டர் கற்பனை இல்ல, மானிக்குவாகனுக்கு அப்புறம் எழுபதுகள்ல ஜேம்ஸ் பே பக்கம் லா கிராண்ட் ஆத்துக்குப் போனாங்க, அது மாண்ட்ரியல்ல இருந்து கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

அதுக்கு மருந்து ஷன்ட் ரியாக்டர், அதாவது லைனுக்கும் தரைக்கும் நடுவுல கட்டுற பெரிய காயில். 735 லைன் ஒரு கிலோமீட்டருக்கு 2.5 மெகாவார் (வேலை எதுவும் செய்யாம முன்னும் பின்னும் ஆடுற, வோல்டேஜை ஏத்துற பவரோட அளவு) வாக்குல தானாவே உற்பத்தி பண்ணும், அதைத் தின்னுறதுக்குன்னு லைன் நெடுக ரியாக்டர் வைக்கணும். ஒரே மூச்சுல இழுக்காம நடுவுல நடுவுல ஸ்விட்சிங் ஸ்டேஷன் வச்சுத் துண்டு துண்டாப் பிரிச்சிடுவாங்க, ஒரு துண்டுல ஃபால்ட்னா அது மட்டும் வெளிய போகும். லோடு ஏறும்போது நிலைமை தலைகீழ், அப்ப மெகாவார் பத்தாது, கெப்பாசிட்டர் வேணும். இது ரெண்டுக்கும் நடுவுல மில்லிசெகண்ட் கணக்குல மாத்தி மாத்திப் பண்ண ஸ்டேட்டிக் காம்பன்சேட்டர். இந்த சாமான் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ 1989 கதையில வரும்.

ஒரு ஃபேஸுக்கு ஏன் நாலு கம்பி? ஒரே தடிமனான கம்பி போட்டா?

ஒரே கம்பின்னா அதோட மேல்பரப்புல மின்புலம் எகிறிடும், சுத்தி இருக்குற காத்து அயனியாகும், அதுதான் கரோனா. ராத்திரி ஊதா வெளிச்சம், மழையில பொரியுற மாதிரி சத்தம், ரேடியோவுல இரைச்சல், கூடவே லாஸ். நாலு கம்பியை சதுரமா அரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான இடைவெளியில பிடிச்சு வச்சா மின்புலத்துக்கு அது மொத்தமா ஒரு பெரிய உருளை மாதிரி தெரியும். ரியாக்டன்ஸும் குறையும், அதாவது மேல சொன்ன ஸ்டெபிலிட்டிக்கும் நல்லது. ஆனா நாலு கம்பி ஒண்ணுக்கு ஒண்ணு காத்துல அடிச்சுக்கும், அதுக்கு ஸ்பேசர்-டேம்பர் போடணும், அதை எத்தனை மீட்டருக்கு ஒண்ணு, சம இடைவெளியிலயா மாத்தி மாத்தியாங்கிறதே தனி ஆராய்ச்சி. இதுக்கெல்லாம் சேர்த்துதான் 1967ல மாண்ட்ரியல் பக்கத்துல வரென்ல இரெக்னு ஒரு ஆராய்ச்சி நிலையமே ஆரம்பிச்சாங்க.

நம்ம நாட்டு 765 லைன்ல "குவாட் பெர்சிமிஸ்"னு கம்பி பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. பெர்சிமிஸ்ங்கிறது அதே கியூபெக்ல மானிக்குவாகனுக்கு பக்கத்து ஆறு.

இன்சுலேட்டர் எத்தனை டிஸ்க்?

இந்த வோல்டேஜுக்கு ஒரு சரத்துல முப்பதுக்கு மேல. ஆனா இங்க இடியை விட பயப்பட வேண்டியது நாமளே பிரேக்கரை (லைனை இணைக்குற, துண்டிக்குற பெரிய ஸ்விட்ச்) ஆன் பண்ணும்போது வர்ற சர்ஜ், அதாவது திடீர்னு எகிறுற வோல்டேஜ். 132, 220ல இடிதான் வில்லன், 735ல ஸ்விட்சிங் சர்ஜ். அதைப் பொறுத்துதான் கம்பிக்கும் டவர் இரும்புக்கும் எவ்வளவு இடைவெளின்னு முடிவாகும், இடைவெளி ஏறினா டவர் அகலம் ஏறும், டவர் ஏறினா காசு ஏறும். அதனால பிரேக்கர் மூடுற நேரத்துல ஒரு ரெசிஸ்டரை முதல்ல நுழைச்சு சர்ஜை அமுக்குவாங்க. பிரேக்கர்ல செலவு பண்ணி லைன் முழுக்க இரும்பை மிச்சம் பிடிக்கிற யோசனை.

டவர் எல்லாம் ஒரே மாதிரியா? ரூட் எப்படிப் பிடிக்கிறாங்க?

மேப்புல நேர்கோடு போட்டா கம்மி தூரம், ஆனா அந்த நேர்கோடு ஏரிக்குள்ள, சதுப்புக்குள்ள, செங்குத்துப் பாறையில எல்லாம் போகும். கனடா வடக்குல சதுப்பு நிலம் நிறைய, கோடையில வண்டி இறங்கினா முழுகிடும், அதனால குளிர்ல தரை உறைஞ்சதும் வேலை பாக்குறது, ரோடே இல்லாத இடத்துக்கு ஹெலிகாப்டர். பாறை இருக்குற இடத்துல அஸ்திவாரம் ஈஸி, துளை போட்டு ஆங்கர் இறக்கிடலாம். ஆனா அதே பாறை எர்த்திங்குக்கு எமன், ரெசிஸ்டன்ஸ் இறங்கவே இறங்காது, டவர்ல இருந்து டவருக்கு தரைக்குள்ள கவுன்டர்பாய்ஸ் கம்பி ஓட்ட வேண்டியிருக்கும்.

டவர்ல ஆரம்பத்துல போட்டது தானா நிக்கிற பெரிய ஜாலி டவர். அப்புறம் ஜேம்ஸ் பே லைன்ல இரும்பு மிச்சம் பண்ண ஸ்டே வயர் கட்டின வகைக்குப் போனாங்க. அதுல ஒண்ணு ரொம்ப அழகு, ரெண்டு கம்பம் மட்டும் நிக்கும், நடுவுல கேபிள் தொங்கும், அந்தக் கேபிள்லதான் மூணு ஃபேஸும் தொங்கும், மேல குறுக்கு இரும்பே கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுல அகலமா இடம் எடுத்துக்கலாம், அதனால அங்க செல்லும். நம்ம ஊர்ல வாழைத்தோப்புக்கு நடுவுல ஸ்டே வயரை விரிச்சுக் கட்ட யார் விடுவா? ராய்கர்-புகளூர் லைனுக்கு கொங்குப் பக்கம் விவசாயிங்க டவருக்கு இடம் விட மாட்டோம்னு எவ்வளவு போராடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஐஸ் பிடிச்சா என்ன ஆகும்? அதையும் டிசைன்ல சேர்ப்பாங்களா?

இதுதான் அங்க தலையாய விஷயம், கணக்கோட சொல்றேன். 35 மில்லிமீட்டர் தடி கம்பி மீட்டருக்கு 2.2 கிலோ. 450 மீட்டர் ஸ்பான் (ரெண்டு டவருக்கு நடுவுல இருக்குற தூரம்), இழுவிசை 35 கிலோநியூட்டன்னு வச்சா தொய்வு 15 மீட்டர் சொச்சம். இப்ப அந்தக் கம்பி சுத்தி 45 மில்லிமீட்டர் ஐஸ் படிஞ்சா ஐஸ் மட்டும் மீட்டருக்கு 10 கிலோ, கம்பியோட எடையை விட நாலரை மடங்கு. ஒரு ஸ்பான்ல ஒரு கம்பிக்கு 4.5 டன், மூணு ஃபேஸுக்கு பன்னெண்டு கம்பி, ஆக ஒரு டவர் தலையில 55 டன் கூடுதலா உக்காருது. காத்து இன்னும் அடிக்கல பாருங்க.

1998 ஜனவரி முதல் வாரத்துல ஆரம்பிச்சு தெற்கு கியூபெக்ல உறைமழை நாள் கணக்கா கொட்டுச்சு, விழுந்த தண்ணி தொட்ட இடத்துல ஐஸாச்சு. டிசைன்ல நினைச்சதை விட தடிமனா படிஞ்சுது. டவர் ஒண்ணு விழுந்தா கம்பி ஒரு பக்கமா இழுக்கும், பக்கத்து டவரும் விழும், அப்படியே வரிசையா சாஞ்சுது. மாண்ட்ரியலுக்கு தெற்கே சில ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல, கியூபெக்ல மட்டும் முப்பது லட்சம் பேர் வாக்குல இருட்டுல. அங்க இருக்குற ஈழத்தமிழ்க் குடும்பங்க கிட்ட கேட்டுப் பாருங்க, போர்வையோட ஷெல்டர்ல உக்காந்த கதையை இப்பவும் சொல்லுவாங்க.

அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க? வரிசையா சாயுறதை நிறுத்த நடுநடுவுல ரெண்டு பக்க இழுவையையும் தாங்குற ஸ்ட்ராங் டவர் வச்சாங்க. லெவி சப்ஸ்டேஷன்ல ஒரு டிசி (ஒரே திசையில ஓடுற கரண்ட்) கருவியை வச்சாங்க, ஐஸ் பிடிச்ச லைனை சர்வீஸ்ல இருந்து கழட்டி அதுல ஆயிரக்கணக்கான ஆம்பியர் டிசி ஓட்டி கம்பியையே சூடாக்கி ஐஸை உருக்குற ஏற்பாடு. எந்த லாஸைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடுன்னு மேல சொன்னோமோ, அதையே வேணும்னு உண்டாக்கி ஐஸை விரட்டுறாங்க.

1989ல சூரியன்ல இருந்து வந்து கரண்ட் போச்சாமே, வாட்ஸப் கதையா?

இல்ல, நடந்தது. 1989 மார்ச் 13, விடிகாலை மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. சூரியப் புயல்ல பூமியோட காந்தப்புலம் ஆட்டம் கண்டுது. கியூபெக் அடியில முழுக்க பழைய கருங்கல் பாறை, கரண்ட் கடத்தாது, அதனால தரைக்குள்ள போக வேண்டிய மின்னோட்டம் சுலபமா கிடைச்ச லைன், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் வழியாப் போச்சு. அது கிட்டத்தட்ட டிசி மாதிரி, டிரான்ஸ்ஃபார்மர் கோர் ஒரு பக்கமா சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி வழிஞ்சு) ஹார்மோனிக்ஸைக் கக்கும், அதாவது 60 ஹெர்ட்ஸோட மடங்குகள்ல வர்ற வேண்டாத அலைங்க. அந்த ஹார்மோனிக்ஸைப் பாத்து பயந்து ஏழு ஸ்டேட்டிக் காம்பன்சேட்டரும் ஒரு நிமிஷத்துக்குள்ள ட்ரிப். அதை நம்பித்தான் 1,000 கிலோமீட்டர் லைன் நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஜேம்ஸ் பே பக்கத்துல இருந்து வந்த 9,500 மெகாவாட் வாக்குல மொத்தமா போச்சு, ஒன்றரை நிமிஷத்துல மாகாணமே இருட்டு, அறுபது லட்சம் பேர், ஒன்பது மணி நேரம்.

கவனிங்க, கம்பி அறுந்து போகல, டவர் விழல. லைன் முழுசா இருந்தும் கரண்ட் வரல. பாதுகாப்பு ரிலே செட்டிங்கை மாத்தினாங்க, அதோட தொண்ணூறுகள்ல லைன்கள்ல சீரீஸ் கெப்பாசிட்டர் (கம்பியோட வரிசையிலேயே சேர்க்குற கெப்பாசிட்டர்) போட்டாங்க. அது ரியாக்டன்ஸைக் குறைச்சு ஸ்டெபிலிட்டியைக் கூட்டும், அந்த டிசி மாதிரி ஓட்டத்தையும் தடுத்துடும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னா இதுதான்.

இவ்வளவு தொல்லைக்கு டிசியிலயே போட்டிருக்கலாமே?

இன்னைக்கு கேக்குறது சுலபம். அறுபதுகள்ல டிசின்னா ஏசியை டிசியா மாத்த பாதரச வால்வு, மானிடோபால 1972ல நெல்சன் ரிவர் லைனை அதுலதான் ஆரம்பிச்சாங்க. தைரிஸ்டர் (அதே வேலையைச் செய்யுற செமிகண்டக்டர் ஸ்விட்ச்) வந்தப்புறம்தான் கதை மாறுச்சு, மொசாம்பிக்ல கஹோரா பாசாவுல இருந்து தென்னாப்பிரிக்காவுக்கு 1,400 கிலோமீட்டர், பிரேசில்ல இதாய்பு. இதாய்புல தூரம் மட்டும் காரணம் இல்ல, பராகுவே பக்க மெஷின் 50 ஹெர்ட்ஸ், பிரேசில் 60, ஏசில இணைக்கவே முடியாது. கியூபெக்கும் பின்னாடி டிசி போட்டுச்சு, ஜேம்ஸ் பேயில ராடிசன்ல இருந்து அமெரிக்கால மாசசூசெட்ஸ் வரைக்கும் ±450 கிலோவோல்ட், ஏன்னா பக்கத்து கிரிட்டோட கியூபெக் கிரிட் ஒரே தாளத்துல ஓடுறது இல்ல.

டிசியில ரியாக்டன்ஸ் தொல்லை, ஃபெராண்டி, கோணம் எதுவும் இல்ல, ரெண்டு செட் கம்பி போதும். ஆனா ரெண்டு முனையிலயும் கன்வெர்ட்டர் ஸ்டேஷன் யானை விலை, நடுவுல இறங்குறது கஷ்டம். பொதுவா 600-800 கிலோமீட்டர் தாண்டினாதான் கட்டுப்படியாகும்பாங்க. சத்தீஸ்கர்ல இருந்து புகளூர் வர்ற ±800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் லைன் அந்த எல்லையை நல்லாவே தாண்டினது. என்னைக் கேட்டா 1965ல ஏசி சரியான முடிவு, வழியில ஒவ்வொரு ஆறா சேத்துக்கிட்டே போகலாம்ல.

தரைக்கு அடியில கேபிளா போட்டா ஐஸ் தொல்லையே இல்லையே?

ஏசி கேபிள்னா சில பத்து கிலோமீட்டர்ல சார்ஜிங் கரண்ட்டே கேபிளை நிரப்பிடும், லோடுக்கு இடம் இருக்காது. டிசின்னா முடியும், அந்த ±450 லைன் செயின்ட் லாரன்ஸ் ஆத்தை சுரங்கத்துலதான் தாண்டுது. செலவு பத்தி கேக்காதீங்க.

லைனுக்குக் கீழ இருக்குற ஊருக்காவது கரண்ட் கிடைக்குமா?

நேரடியா கிடைக்காது. 735ல ஒரு சின்ன ஊருக்கு டேப் எடுக்கணும்னா சப்ஸ்டேஷன் செலவு அந்த ஊரையே வாங்குற அளவு. கியூபெக்கோட வடக்குக் கோடியில இனூயிட் (வடதுருவப் பூர்வகுடி) ஊருங்க கிரிட்லயே இல்ல, காலங்காலமா பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான். ஜேம்ஸ் பேயில தண்ணி தேங்கின நிலம் கிரீங்கிற பூர்வகுடி மக்களோட வேட்டை நிலம், கோர்ட்டுக்குப் போய் சண்டை போட்டப்புறம்தான் 1975ல ஒப்பந்தம் வந்துச்சு. டேம் கட்டின பெருமையைப் பேசுறவங்க இதை முதல் பக்கத்துல போடுறது இல்ல.

பறவை உக்காந்தா ஷாக் அடிக்காதா?

ஒரே கம்பியில ரெண்டு காலும் இருந்தா அடிக்காது. இந்த வோல்டேஜ்ல பெரும்பாலும் உக்காரவே வராது, புலம் அதுக்கே உறுத்தும்.

நான் ட்ரிப்பிளீ ஸ்டூடண்ட், ப்ராஜெக்ட்டுக்கு இப்படி ஒரு லைன் டிசைன் பண்ணணும், எங்க ஆரம்பிக்கிறது?

டவர் படம் வரையறதுல ஆரம்பிக்காதீங்க தம்பி, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. முதல்ல எவ்வளவு மெகாவாட், எவ்வளவு தூரம். அதுல இருந்து மேல போட்ட ரியாக்டன்ஸ் கணக்கை வச்சு வோல்டேஜும் லைன் எண்ணிக்கையும், ஒரு லைன் போனா மிச்சம் தாங்குமான்னு பாக்கணும். அப்புறம் கரோனாவுக்கு எத்தனை கம்பி, என்ன தடி. அப்புறம் லோடே இல்லாத கேஸ்ல ரியாக்டர் சைஸ். இவ்வளவும் பேப்பர்லயே முடியும். தொய்வு கணக்குக்கு எடையை ஸ்பானோட வர்க்கத்தால பெருக்கி எட்டு மடங்கு இழுவிசையால வகுங்க, சூடான நாளுக்கு ஒரு தடவை, நம்ம ஊர்னா ஐஸுக்கு பதிலா புயல் காத்துக்கு ஒரு தடவை. இதுக்கப்புறம் சாஃப்ட்வேர் திறங்க, டவர் நிறுத்த பிஎல்எஸ்-கேட், சர்ஜ் பாக்க இஎம்டிபி. அந்த இஎம்டிபியோட இப்போதைய வெர்ஷனை வளத்ததுலயும் ஹைட்ரோ-கியூபெக் கை இருக்கு. உங்க கைக்கணக்கும் அதுல வர்றதும் பத்து சதவீதத்துக்கு மேல தள்ளிப் போனா முதல்ல யூனிட்டைச் செக் பண்ணுங்க, பெரும்பாலும் லைன் வோல்டேஜுக்கு பதிலா ஃபேஸ் வோல்டேஜைப் போட்டிருப்பீங்க.